கத்தரிக்காய் விற்கப் போகுமுன் போட வேண்டிய கணக்கு

மண்டியில் இன்று கத்தரிக்காய் என்ன விலை என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். உங்கள் தோட்டத்துக் காய் உங்களுக்குக் கிலோ என்ன அடக்கம் என்று கேட்டால்தான் பதில் வராது. நானும் முதல் இரண்டு பட்டம், அதாவது இரண்டு சாகுபடிப் பருவம், அப்படித்தான் விற்றேன். மண்டிச் சீட்டில் பெரிய தொகை இருக்கும், கையில் பணம் நிற்காது. எங்கே போயிற்று என்று தேடியபோதுதான் நோட்டுப் போட ஆரம்பித்தேன்.

புதிதாகக் காய்கறி வைத்து விற்க நினைப்பவர்களுக்காக அந்தக் கணக்கை முதலிலிருந்து சொல்கிறேன். எடுத்துக்காட்டுக்கு 25 சென்ட் கத்தரி. ரூபாய்க் கணக்கெல்லாம் விளக்குவதற்காக நான் வைத்த எண்கள். உங்கள் ஊர்க் கூலியையும் வாடகையையும் அந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் படி: அடக்க விலை

ஒரு 40 பக்க நோட்டு போதும். இந்தப் பயிருக்கென்று அதைத் தனியாக வையுங்கள். வீட்டுச் செலவும் மாட்டுத் தீவனமும் அதில் வரக்கூடாது. உழவு ஓட்டிய நாளிலிருந்து எழுதுங்கள்.

உழவு 1,200 ரூபாய். இரண்டடிக்கு இரண்டடி நட்டால் 25 சென்ட்டுக்கு ஏறக்குறைய 2,800 நாற்று வேண்டும். நாற்று ஒரு ரூபாய் என்றால் 2,800. தொழு உரம் 3,500. மேலுரம் 2,500. பூச்சி மேலாண்மைக்கு 4,000. கத்தரியில் தண்டையும் காயையும் துளைக்கும் புழுதான் பெரிய எதிரி என்பதால் இந்தத் தொகையைக் குறைத்துப் போடாதீர்கள். களை எடுக்க மூன்று முறை மும்மூன்று பேர், ஆளுக்கு 350, ஆக 3,150. பறிப்பு 25 எடுப்பு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர் அரை நாள், எடுப்புக்கு 400 என்று 10,000. சொட்டுநீர்க் குழாய்க்குப் போட்ட பணத்தில் இந்தப் பயிரின் பங்காக 1,000. இதுவரை 28,150 ரூபாய்.

பெரும்பாலானவர்கள் இங்கே நிறுத்திவிடுவார்கள். இன்னும் இரண்டு செலவு இருக்கிறது.

ஒன்று, நிலம். சொந்த நிலமாகவே இருந்தாலும், குத்தகைக்கு விட்டிருந்தால் இந்த ஐந்தாறு மாதத்துக்கு என்ன கிடைத்திருக்குமோ அது செலவுதான். 2,000 என்று வைப்போம். இன்னொன்று, உங்கள் உழைப்பு. தண்ணீர் பாய்ச்சியது, மருந்து அடித்தது, காய் பார்த்தது எல்லாவற்றையும் நாள் கணக்காக்கினால் 28 நாள் வருகிறது என்றால் 350 வீதம் 9,800. வீட்டுப் பெண்கள் செய்த வேலையையும் இதில் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். ‘நம்ம வீட்டு ஆள்தானே’ என்று அந்தக் கூலியை எழுதாமல் விட்டால், அவர்கள் உழைப்பை வாங்குபவருக்கு இலவசமாகக் கொடுக்கிறோம் என்று அர்த்தம். எனக்கு இது உறைக்க வெகுநாள் ஆயிற்று.

மொத்தம் 39,950.

இனி எத்தனை கிலோவால் வகுப்பது? 25 எடுப்பில் 2,500 கிலோ பறித்தீர்கள் என்று வைப்போம். அதில் சொத்தை, முற்றல், வளைந்தது என்று 400 கிலோ விலை போகாது. வகுக்க வேண்டியது விற்கத் தகுந்த 2,100 கிலோவால்தான். 2,500-ஆல் வகுத்தால் கிலோ 16 ரூபாய் அடக்கம் என்று தோன்றும். உண்மையான அடக்கம் 19 ரூபாய். சொத்தைக்குச் செலவழித்த உரமும் கூலியும் நல்ல காயின் தலையில்தான் விழும்.

நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று எண்களைப் பெரிதாக எழுதி வையுங்கள்:

- முழு அடக்கம்: 19 ரூபாய்
- கையை விட்டுப் போன காசு மட்டும் (28,150-ஐ 2,100-ஆல் வகுத்தது): 13 ரூபாய் 40 காசு
- பறிப்புக் கூலி மட்டும் (10,000-ஐ 2,100-ஆல் வகுத்தது): 4 ரூபாய் 76 காசு

மூன்றாவது எண் எதற்கு என்று பிறகு சொல்கிறேன். விலை சரிந்து கிடக்கும் நாளில் அதுதான் உதவும்.

இரண்டாம் படி: சொன்ன விலை வேறு, கைக்கு வந்த விலை வேறு

மண்டியில் கிலோ 25 என்கிறார்கள். 80 கிலோவை இரண்டு மூட்டையாகக் கொண்டுபோகிறீர்கள். 2,000 ரூபாய் வரும் என்று மனம் கணக்குப் போடும்.

மூட்டைக்கு இரண்டு கிலோ கழிவு என்று பிடித்தால் எடை 76 கிலோ ஆகிவிடும், தொகை 1,900. தரகு நூற்றுக்குப் பத்து என்றால் 190 போகும். வண்டி வாடகை 80, இறக்குக் கூலி 20, சாக்கு 20. மீதி 1,590. கொண்டுபோன 80 கிலோவால் வகுத்தால் கிலோ 19 ரூபாய் 90 காசு. 25 என்று கேட்டது 20-க்குக் கீழே வந்து நிற்கிறது. அடக்கம் 19, லாபம் கிலோவுக்கு 90 காசு.

கழிவும் தரகும் ஊருக்கு ஊர், மண்டிக்கு மண்டி மாறும். காயை இறக்குவதற்கு முன்னால் இந்த இரண்டையும் வாய்விட்டுக் கேளுங்கள். சீட்டில் எடை, விலை, தரகு, கூலி தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். நான் காய் போட்ட ஒரு மண்டியில் மொத்தத் தொகை மட்டும் எழுதிய துண்டுச் சீட்டுதான் கொடுப்பார்கள். ஒரு பட்டம் முழுக்க என்னிடம் எவ்வளவு கழிவு பிடித்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். முழு அடக்கமான 19 ரூபாய் கைக்கு வர வேண்டுமானால் மண்டியில் விலை 24 இருக்க வேண்டும். போட்ட காசு மட்டும் திரும்பினால் போதும் என்றால் ஏறக்குறைய 17 ரூபாய் 50 காசு. இந்த எண்கள் மனதில் இருந்தால், அதிகாலை நான்கு மணிக்கு மண்டியிலிருந்து போன் வரும்போது தடுமாற மாட்டீர்கள்.

மூன்றாம் படி: அதே கணக்கை உழவர் சந்தைக்கும் போடுங்கள்

தமிழ்நாட்டில் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்டது. நடுவில் ஆள் இல்லாமல் விளைவித்தவரே நேராக விற்பதுதான் ஏற்பாடு. தரகு கிடையாது, கடை வாடகை கிடையாது, தராசும் அங்கேயே தருவார்கள். விலையை மொத்த விலைக்கு மேலும் சில்லறை விலைக்குக் கீழுமாக அன்றன்று நிர்ணயித்துப் பலகையில் எழுதுவார்கள். விற்க விவசாயி அடையாள அட்டை வேண்டும். நிலத்தையும் பயிரையும் சரிபார்த்துத்தான் கொடுப்பார்கள் என்பதால் காய் வந்த பிறகு ஓடாதீர்கள். நாற்று நட்ட கையோடு சந்தை நிர்வாக அலுவலகத்தில் விசாரித்து வையுங்கள்.

அன்று பலகை விலை 30 என்று வைப்போம். 80 கிலோவில் 70 கிலோ அந்த விலைக்குப் போகிறது: 2,100. கூட்டம் கலையும் நேரத்தில் மீதி 10 கிலோவைப் பாதி விலைக்குத் தள்ளுகிறீர்கள்: 150. மொத்தம் 2,250. வண்டி 120, காலைச் சாப்பாடு 60. விடியலில் போய் முற்பகல் வரை உட்கார்ந்ததற்கு உங்கள் கூலி 250. மீதி 1,820, கிலோவுக்கு 22 ரூபாய் 75 காசு.

மண்டியை விட 2 ரூபாய் 85 காசு கூட. உங்கள் கூலியை எடுத்துக்கொண்ட பிறகும் அன்றைக்கு 230 ரூபாய் அதிகம். ஆனால் அந்த அரை நாளில் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்ச யார் இருக்கிறார்கள்? ஆள் இருந்தால் உழவர் சந்தை நல்லது. தனி ஆளாக நின்று எல்லாம் பார்ப்பவருக்கு 25 எடுப்புக்கும் சந்தைக்குப் போவது முடியாத காரியம். விலை அதிகம் என்பதற்காக உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். வாரத்தில் ஒரு எடுப்பைச் சந்தைக்கும் மற்றதை மண்டிக்கும் அனுப்பித் தொடங்கலாம்.

ஒன்று கவனியுங்கள்: சந்தையில் நிற்கும்போது காயைத் தரம் பிரித்து வைத்தால்தான் விலை நிற்கும். பிஞ்சும் முற்றலும் ஒரே குவியலில் கிடந்தால் வாங்குபவர் பொறுக்குவார். பொறுக்கிய குவியல் பாதி விலைக்குத்தான் போகும். அந்தந்த ஊர் எந்தக் கத்தரியைக் கேட்கிறது என்பதும் முக்கியம். வேலூர் இலவம்பாடி முள் கத்தரி 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பக்கத்து மக்கள் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும் காய் அது. உங்கள் சந்தையில் எந்த நிறம், எந்த வடிவம் முதலில் தீர்கிறது என்பதை நாற்று வாங்குமுன்பே இரண்டு காலை போய் நின்று பார்த்து வாருங்கள்.

நான்காம் படி: மெஸ், ஓட்டல், தெரிந்த வீடுகள்

இவர்கள் மண்டியை விடக் கூடுதல் விலை தருவார்கள், கழிவும் பிடிக்க மாட்டார்கள். சிக்கல் கடனில்தான். ஒரு மெஸ்ஸுக்கு எடுப்புக்கு 20 கிலோ வீதம் இரண்டு மாதம் காய் போட்டேன். ‘மொத்தமாக வாங்கிக்கொள்ளுங்கள்’ என்றார்கள். கடைசியில் பாதிப் பணம்தான் வந்தது. கடன் கொடுத்த காயின் விலையை நோட்டில் வரவாக எழுதியதுதான் நான் செய்த தவறு.

அதனால் வரவு வேறு, பாக்கி வேறு. பாக்கிக்குத் தனிப் பக்கம் வையுங்கள். வாரம் ஒரு நாள் கணக்கு முடிப்பது என்று முதலிலேயே பேசிவிடுங்கள். ஒரு வாரப் பாக்கி நின்றால் அடுத்த எடுப்பை அனுப்பாதீர்கள். முகம் சுளிப்பார்களே என்று கூச்சமாக இருக்கும். கூலிக்கு வந்தவர்களுக்கு நாம் அன்றன்றே கொடுத்துவிடுகிறோம், அதை நினைத்துக்கொண்டு கேளுங்கள்.

விலை பேசும்போது தினம் ஏறி இறங்கும் விலைக்குப் பதிலாக மாதம் முழுக்க ஒரே விலை கேட்டுப் பாருங்கள். உங்கள் முழு அடக்கமான 19-க்கு மேல் அவரும் நீங்களும் தாங்கக்கூடிய ஒரு விலை, 26 என்று வைப்போம். மண்டி 35 போகும் நாளில் உங்களுக்கு மனம் அலைபாயும். அன்றும் சொன்ன விலைக்கே கொடுங்கள். மண்டி 10-க்கு விழும் நாளில் அவர் 26 தருவது அதற்காகத்தான்.

ஐந்தாம் படி: விலை விழும் நாளில் பறிக்கலாமா?

மூன்றாவது எண்ணுக்கு வருவோம். மண்டியில் விலை 12 ஆகிவிட்டது. கழிவு, தரகு, வண்டி எல்லாம் போகக் கைக்கு 8 ரூபாய் 76 காசு வரும். முழு அடக்கம் 19 என்பதால் பறித்தால் நட்டம் என்று தோன்றும். ஆனால் உழவும் நாற்றும் உரமும் ஏற்கெனவே செலவாகிவிட்டன. பறித்தாலும் பறிக்காவிட்டாலும் அந்தப் பணம் திரும்பாது. இன்றைக்குப் புதிதாகச் செலவாவது பறிப்புக் கூலி 4.76 மட்டும். ஆக, பறித்தால் கிலோவுக்கு 4 ரூபாய் மிஞ்சும். பறியுங்கள்.

விலை 7 ரூபாய்க்கு இறங்கினால் கைக்கு வருவது பறிப்புக் கூலிக்கே காணாது. நம் கணக்கில் எல்லை ஏறக்குறைய 7 ரூபாய் 30 காசு. அதற்குக் கீழே ஆள் விட்டுப் பறித்து மண்டிக்கு அனுப்புவது நட்டத்தின் மேல் நட்டம். ஆனால் காயைச் செடியில் முற்ற விட்டால் அடுத்த காய்ப்பு குறையும், புழுவும் பெருகும். அப்படிப்பட்ட வாரத்தில் வீட்டு ஆள் மட்டும் பறித்து உழவர் சந்தைக்கும் தெரிந்த வீடுகளுக்கும் கொண்டுபோங்கள். மிச்சம் மாட்டுக்கு.

வேகவைத்து உப்பிட்டுக் காயப்போட்டு வற்றல் ஆக்கலாம். அது தனித் தொழில். அதற்கு உணவுப் பாதுகாப்புப் பதிவும், பொட்டலத்தின் மேல் எடை, விலை, பொதிந்த தேதி, முகவரி எல்லாம் வேண்டும். முதல் பட்டத்தில் அதில் இறங்காதீர்கள்.

ஆறாம் படி: அடுத்த பட்டத்துக்கான நோட்டு

நோட்டின் பின்பக்கத்தில் ஒவ்வொரு எடுப்புக்கும் ஒரு வரி: தேதி, எடை, சொத்தை, எங்கே விற்றேன், சொன்ன விலை, கைக்கு வந்த விலை. ஐந்து நிமிட வேலை. சந்தையிலிருந்து வந்து கை கழுவுமுன் எழுதிவிடுங்கள், மறுநாள் மறந்துவிடும்.

இரண்டு பட்டம் எழுதினால் விலை எப்போது ஏறுகிறது என்பது உங்கள் எழுத்திலேயே தெரியும். புரட்டாசியில் பல வீடுகளில் அசைவம் நிற்கும், காய்கறி கூடுதலாகப் போகும். கார்த்திகையில் மாலை போடும் வீடுகளும் அப்படியே. தைக்கும் வைகாசிக்கும் கல்யாணம். வடகிழக்குப் பருவமழையில் வரத்துக் குறைந்தால் விலை ஏறும், ஆனால் உங்கள் தோட்டத்திலும் அப்போது காய் குறைவாகத்தான் இருக்கும்.

கத்தரி நட்டு ஏறக்குறைய 60 நாளில் முதல் எடுப்பு வரும். ஆடி தொடக்கத்தில் நட்டால் புரட்டாசிக்குக் காய். பக்கத்துத் தோட்டத்துக்காரரும் அதே கணக்கில் ஆடியில்தான் நடுவார். நான் இப்போது 25 சென்ட்டையும் ஒரே நாளில் நடுவதில்லை. பாதியை முதலிலும் மீதியை மூன்று வாரம் கழித்தும் நடுகிறேன். விலை மோசமான ஒரு வாரம் வந்தால் முழுத் தோட்டத்துக் காயும் அந்த வாரத்தில் மாட்டுவதில்லை. எடுப்புக்கு 80 கிலோ என்பது 40, 50 ஆகிவிடுவதால் வண்டி வாடகை கிலோவுக்குக் கொஞ்சம் ஏறும். அதையும் நோட்டில் எழுதிப் பார்த்தேன்; 25 சென்ட்டுக்கு அந்த ஏற்றம் தாங்குகிறது. பத்து சென்ட் மட்டும் வைத்திருப்பவர் பிரித்து நடாமல், பக்கத்துத் தோட்டத்தாரோடு சேர்ந்து ஒரே வண்டியில் ஏற்றுவது நல்லது. அப்படிச் சேர்த்து ஏற்றும்போது உங்கள் மூட்டையில் பெயரும் எடையும் எழுதிக் கட்டுங்கள்.