வைஃபை சேனல் திட்டம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலுவலகத்தில் வைஃபை மெதுவாக இருக்கிறது என்று புகார் வந்ததும் பலர் இன்னும் நாலு அக்சஸ் பாயிண்ட் (வைஃபை சிக்னல் தரும் கருவி) வாங்கி மாட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அங்கேதான் சிக்கல் பெரிதாகிறது. ஒரே சேனலில், அதாவது ஒரே அலைவரிசைத் துண்டில், ஒரு கருவி பேசினால், அது காதில் விழும் தூரத்தில் உள்ள மற்ற எல்லாம் காத்திருக்க வேண்டும். அந்தச் சேனலிலேயே புதிய கருவிகளைச் சேர்த்தால் வரிசைதான் நீளும்.

2.4 கிகாஹெர்ட்ஸில் இது உடனே தெரியும். சேனல் எண்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் அடுத்தடுத்து வருகின்றன. ஆனால் ஒரு சேனல் பிடிக்கும் அகலம் சுமார் 20. அதனால்தான் 1, 6, 11 என்ற மூன்றையே வழக்கமாகப் பயன்படுத்துகிறோம். 1, 6 இரண்டிலும் கூட்டம் என்று நடுவில் 3-ஐ எடுப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். 1-இல் இருந்தால் பக்கத்துக் கருவி பேசுவது புரியும், முறை வரும்வரை காத்திருக்கலாம். 3-இல் அதே பேச்சு வெறும் இரைச்சலாகிவிடும்; இரண்டு பக்கமும் கெடும். நெருக்கமான கட்டடத்தில் சில 2.4 ரேடியோக்களை அணைத்துவிடுவதே நல்லது.

சரி, 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளமாக இருக்கிறதே? சேனல் அகலத்தை 80 மெகாஹெர்ட்ஸ் வைத்தால் அதுவும் தீர்ந்துவிடும். 36, 40, 44, 48 என்ற நான்கு சேனல்களும் சேர்ந்து ஒன்றே ஒன்றாகிவிடும். அகலத்தை இரட்டிப்பாக்கினால் இரைச்சலும் 3 டெசிபல் கூடும். வேகச் சோதனையில் எண் அழகாக வரும், ஆனால் நூறு பேர் உட்காரும் தளத்தில் 20 அல்லது 40தான் நிம்மதி.

5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையிலான சேனல்களை ரேடார்களும் பயன்படுத்துகின்றன; அதற்குப் பயந்து அவற்றை மொத்தமாக ஒதுக்குவதும் நஷ்டம்தான். இந்தச் சேனல்களில் பொதுவாக அக்சஸ் பாயிண்ட் 60 விநாடி கேட்டுப் பார்த்துவிட்டே பேசத் தொடங்கும். ரேடார் தென்பட்டால் சேனலைக் காலி செய்து 30 நிமிடம் திரும்பக் கூடாது. உங்கள் கட்டடத்தில் அது உண்மையில் எத்தனை முறை நடக்கிறது என்று பதிவுகளைப் பார்த்துவிட்டு, தொல்லை தரும் சேனல்களை மட்டும் நீக்குங்கள்.

அக்சஸ் பாயிண்டின் ஒலிபரப்புச் சக்தியை உச்சத்தில் வைப்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் பழக்கம். ஃபோனுக்கு அவ்வளவு உரத்த குரல் கிடையாது. திரையில் முழு சிக்னல் காட்டும், ஆனால் ஃபோனின் பதில் திரும்பப் போய்ச் சேராது. அடுத்த அறைக்கு நடந்துபோன பிறகும் பழைய அக்சஸ் பாயிண்டையே பிடித்துக்கொண்டிருக்கும்.

அப்புறம், துறைக்கு ஒரு நெட்வொர்க் பெயர் என்று எட்டு வைப்பது. ஒவ்வொரு பெயருக்கும் விநாடிக்குச் சுமார் 10 பீக்கன் (நெட்வொர்க் இருப்பதை அறிவிக்கும் சிறு செய்தி), அதுவும் அனுமதித்ததில் மிகக் குறைந்த வேகங்களில் ஒன்றில் போகும். மூன்று பெயர் போதும். 1 எம்பிபிஎஸ் போன்ற பழைய வேகங்களையும் நிறுத்திவிடுங்கள்.

மாட்டும் இடமும் முக்கியம். நீண்ட நடைபாதையில் வரிசையாக மாட்டினால் நடுவில் சுவரே இல்லாமல் ஒன்றையொன்று நன்றாகக் கேட்கும், ஆட்களோ சுவருக்கு அப்பால் இருப்பார்கள். அறைக்குள் மாட்டுங்கள். கதவுகளை மூடி, ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது, அவர்கள் கையில் இருக்கும் அதே வகை ஃபோனை வைத்து அளந்து பாருங்கள்.