தோட்டத்து ஊர் நூலகத்தில் தமிழ்க் கதை நேரம்: முதல் மூன்று மாதங்களை நடத்துவது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட், பீடோர், பெஸ்தாரி ஜெயா, பெடோங் போன்ற ஊர்களில், செம்பனையும் கித்தா (ரப்பர்) மரமும் முடிந்து கடைவரிசை தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் பொது நூலகமோ சிறிய கிராம நூலகமோ ஒன்று பெரும்பாலும் இருக்கும். அங்கே குளிரூட்டி ஓடும், நாற்காலி இருக்கும், ஓரத்தில் ஒரு தமிழ் அலமாரியும் இருக்கலாம். பிள்ளைகளும் ஊரில் இருக்கிறார்கள். அவர்களை அந்த அலமாரி வரை கூட்டிவரும் வழக்கம்தான் பல இடங்களில் இன்னும் வேர்பிடிக்கவில்லை. இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் அதைத் தொடங்கிவிடலாம்.

தொடங்கும் முன்னே ஓர் அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள். கதை கேட்க வந்த பிள்ளை, கையில் ஒரு நூலக நூலோடு வீட்டுக்குப் போக வேண்டும். கீழே உள்ள எல்லாப் படிகளும் அதற்காகத்தான்.

படி 1: நாளையும் நேரத்தையும் முடிவு செய்தல்

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மூன்று மாதத்துக்கு ஆறு அமர்வுகள். புதியவர்களுக்கு இது போதும். வாரந்தோறும் என்று தொடங்கினால் நான்காவது வாரத்தில் கதை சொல்பவர் களைத்துப்போவார். மாதம் ஒருமுறை என்றால் பிள்ளைகள் மறந்துபோவார்கள். ‘முதல் சனி, மூன்றாம் சனி’ என்று நாள்காட்டி பார்க்காமலே நினைவில் நிற்கும்படி வையுங்கள்.

காலை 10 மணிதான் நல்ல நேரம். மேற்குக் கரை மாநிலங்களில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும். மோட்டார் சைக்கிளில் பிள்ளையை ஏற்றிவரும் பெற்றோர் மழையைக் கண்டால் திரும்பிவிடுவார்கள். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு பள்ளி நாள். சிலாங்கூரில் வெற்றி பெற்ற அட்டவணையை அப்படியே பெடோங்குக்குக் கொண்டுபோனால் ஞாயிற்றுக்கிழமை வெறும் பாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நூலகம் மூடும் நாளும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும், முகப்பிலிருந்து கேட்டுக்கொள்ளுங்கள்.

தைப்பூச வாரம், தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரம், உங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளியின் விளையாட்டுப் போட்டி நாள் ஆகியவற்றை முதலிலேயே அடித்துவிடுங்கள். சனிக்கிழமை காலை டியூஷன் நடக்கும் ஊர் என்றால் டியூஷன் ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசுங்கள். அது முடிந்து பிள்ளைகள் நேராக நூலகத்துக்கு வர முடிந்தால் அவரே உங்கள் பெரிய துணை.

படி 2: கடிதத்துக்கு முன் அலமாரி

ஒரு வேலை நாளில் நூலகத்துக்குப் போய் ஒரு மணி நேரம் செலவிடுங்கள். நூலகங்கள் நூல்களை எண்ணிட்டு அடுக்கும் டூயி வகைப்பாட்டில் தமிழ் இலக்கியத்தின் எண் 894.811, நாட்டுப்புறக் கதைகளின் எண் 398.2. சில நூலகங்களில் தமிழ் நூல்களை ஒரே அலமாரியில் தனியாக வைத்திருப்பார்கள். சிறுவர் நூல்களை வேறு அறையில் வைத்திருப்பதும் உண்டு. இரண்டு இடத்தையும் பாருங்கள்.

கணினிப் பட்டியலில் தமிழ் எழுத்தில் தேடி ஒன்றும் வராவிட்டால் நூல் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். தமிழ்த் தலைப்புகளை ரோமன் எழுத்தில் பதிவதற்கு நூலகர்களிடம் ஒரு முறை உண்டு. அது நாம் புலனத்தில் (வாட்ஸ்அப்) தட்டச்சு செய்யும் முறை அல்ல. ‘கதை’ என்பதில் ‘த’வுக்கு ‘எச்’ சேர்க்காமல் கே, ஏ, டி, ஏ, ஐ என்று இருக்கும். ‘சிறுவர்’ என்பது ‘எஸ்’ (S) எழுத்தில் தொடங்காமல் ‘சி’ (C) எழுத்தில் தொடங்கும். இரு விதமாகவும் தேடிப் பாருங்கள்.

ஒரு பிள்ளைக்கு இரண்டு நூல் வீதம், 20 பிள்ளைகளுக்கு 40 நூல்கள் கண்ணில் பட வேண்டும். இருபது மட்டும் வைத்தால் கடைசியில் வரும் பிள்ளைக்கு ஒன்றுதான் மிஞ்சும். மிஞ்சியதை யாரும் ஆசையோடு எடுப்பதில்லை. அலமாரியில் அவ்வளவு இல்லையென்றால், மாநிலத் தலைமை நூலகத்திலிருந்து ஒரு பெட்டி நூல்களை இரவலாக வரவழைக்க முடியுமா என்று நூலகரிடம் கேளுங்கள். மலாய்ப் படநூல்களையும் சேர்த்துக்கொள்ளலாம். தேசியப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் காதுக்குப் பழக்கம், கண்ணுக்குப் பழக்கமில்லை. அவர்களுக்கும் எடுத்துப்போக ஒரு நூல் வேண்டும்.

படி 3: கடிதம்

நூலகரிடம் வாய்மொழியாகப் பேசி அவர் தலையசைத்துவிட்டார் என்பதற்காக நிறுத்திவிடாதீர்கள். அவர் மாற்றலாகிப் போனால் அந்தச் சம்மதமும் கூடவே போய்விடும். மலாயில் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். முதல் அமர்வுக்கு ஆறு வாரம் முன்பே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு ஒரு நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.

கடிதத்தில் இருக்க வேண்டியவை:

- ஆறு தேதிகளும் நேரமும், அறையைத் தயார் செய்ய அரை மணி, ஒழுங்குபடுத்த அரை மணி உட்பட
- பிள்ளைகளின் வயது, அதிகபட்ச எண்ணிக்கை
- தேவைப்படும் இடமும் பொருளும்: சிறுவர் பகுதி, இரண்டு மேசை, ஒரு வெண்பலகை
- பொறுப்பாளர்கள் இருவரின் பெயர், கைப்பேசி எண்
- உறுப்பினர் பதிவுக்கும் இரவலுக்கும் முகப்பில் ஒரு பணியாளர் வேண்டும் என்ற கோரிக்கை

கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சனிக்கிழமை முகப்பில் ஒரே ஆள் இருந்து, அவரும் மதிய உணவுக்குப் போயிருந்தால் இருபது பிள்ளைகளும் வெறுங்கையோடு திரும்புவார்கள்.

இன்னொன்று. திறப்பு விழா, பிரமுகர், மாலை, உரை எதுவும் வேண்டாம். பிரமுகர் வர முக்கால் மணி தாமதமானால் ஐந்து வயதுப் பிள்ளை அதற்குள் அழத் தொடங்கிவிடும். அடுத்த முறை அந்தத் தாய் வரமாட்டார்.

படி 4: ஆளும் பொருளும்

குறைந்தது மூன்று பேர்: ஒருவர் வாசிக்க, ஒருவர் வாசலில் பெயர் எழுத, ஒருவர் பிள்ளைகளோடு பாயில் உட்கார. எந்த நேரத்திலும் ஒரு பெரியவர் மட்டும் தனியாகப் பிள்ளைகளோடு இருக்கக்கூடாது. கழிவறைக்குக் கூட்டிப்போகும்போதும் அப்படித்தான். ஒரு வாசிப்பாளருக்கு 15 முதல் 20 பிள்ளைகள் வரை சரி. முப்பது பேர் வந்துவிட்டால் இரண்டு வட்டமாகப் பிரித்துவிடுங்கள்.

ஆறடிக்கு நான்கடிப் பாய் ஒன்றில் ஐந்து பிள்ளைகள் உட்காரலாம். 20 பேருக்கு நான்கு பாய். வண்ணப் பென்சில் நான்கு பெட்டி, வெள்ளைத்தாள் 30, பெயரட்டைக்கு ஒட்டும் காகிதம், தண்ணீர். தின்பண்டம் கொடுப்பதானால் வாசல் திண்ணையில், எல்லாம் முடிந்த பிறகு. எண்ணெய்க் கை பட்ட தாளுக்கு எறும்பு வரும். நிலக்கடலை ஒவ்வாத பிள்ளைகள் உண்டு, ஆகவே பிஸ்கட்டும் பழமும் போதும்.

படி 5: ஊருக்குச் சொல்வது

ஓர் ஏ4 தாளில் தமிழிலும் மலாயிலும்: நாள், நேரம், வயது, இடம், இலவசம். இந்த ஐந்தும் தூரத்திலிருந்து படிக்கும் அளவில் இருந்தால் போதும். தமிழ்ப்பள்ளி வாசல், பாலர் பள்ளி, கோயில் அறிவிப்புப் பலகை, மளிகைக் கடை, முடிதிருத்தும் கடை என்று ஒட்டுங்கள்.

அதைவிடப் பலன் தருவது புலனத்தில் அனுப்பும் குரல் பதிவு. தமிழ் பேசினாலும் தமிழ் எழுத்தை வேகமாக வாசிக்காத பெற்றோர் நிறையப் பேர் உண்டு. “அக்கா, அண்ணே, இந்தச் சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு நம்ம லைப்ரரில பிள்ளைங்களுக்குக் கதை இருக்கு, காசு கிடையாது, பிள்ளையோட மைகிட் மட்டும் எடுத்துட்டு வாங்க” என்று அரை நிமிடத்தில் முடித்துவிடுங்கள் (மைகிட் என்பது பிள்ளையின் அடையாள அட்டை). மூன்று நாள் முன்பு ஒருமுறை, முந்தைய இரவு ஒருமுறை.

தோட்டம் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போக்குவரத்துதான் பெரிய தடை. பள்ளி வேன் ஓட்டுபவரிடம் பேசி, பெற்றோர் கட்டணத்தைப் பகிர்ந்துகொள்ள ஏற்பாடு செய்யலாம். அவரிடம் சொன்ன திரும்பும் நேரம் 11.15 என்றால் 11.15தான், ஒருமுறை அவரைக் காக்க வைத்தால் மறுமுறை வேறு சவாரி எடுத்துவிடுவார். லாரியின் பின்புறத்தில் பிள்ளைகளை ஏற்றிவர வேண்டாம்.

படி 6: அந்த எழுபது நிமிடம்

10.00 வருகை, பெயரட்டை. சீக்கிரம் வந்த பிள்ளையின் கையில் உடனே ஒரு படநூலைக் கொடுங்கள்.

10.10 விடுகதை. ‘வாசல் இல்லாத வெள்ளை மாளிகை’ மாதிரி எளிதாக இரண்டு. முட்டை என்று ஒரு பிள்ளை கத்தியதும் அறை உங்கள் பக்கம் திரும்பிவிடும்.

10.15 முதல் கதை, பத்து நிமிடம்.

10.25 எழுந்து ஆடும் பாட்டு. இதை வெட்டினால் இரண்டாவது கதையின் பாதியில் பிள்ளைகள் நெளிவார்கள்.

10.30 இரண்டாவது கதை, முதலதைவிடச் சிறியது.

10.38 கதையில் வந்த ஒன்றை வரைதல்.

10.50 நூல் தேர்வு, இரவல்.

வாசிப்பதில் சில நுணுக்கங்கள். நூலைத் தோளுக்குப் பக்கத்தில், படம் பிள்ளைகளைப் பார்க்கும்படி பிடியுங்கள். மடியில் வைத்தால் முன்வரிசைக்குக்கூடத் தெரியாது. சன்னலுக்கு முதுகு காட்டி உட்காராதீர்கள், வெளிச்சம் கண்ணில் அடித்தால் படம் கறுப்பாகத் தெரியும். வீட்டில் இரண்டு முறை சத்தமாக வாசித்துப் பாருங்கள். தமிழ்நாட்டு நூல்களில் வரும் ‘வாய்க்கால்’, ‘களத்துமேடு’ போன்ற சொற்கள் நம் பிள்ளைகளுக்குப் புதிது. கதையை நிறுத்திப் பாடம் நடத்தாமல், போகிற போக்கில் ‘அலூர் மாதிரி, ஆனா வயலுக்குத் தண்ணி போறது’ என்று சொல்லிவிட்டு நகருங்கள். நூலில் உள்ள சொல்லை மாற்றிவிட வேண்டாம்; புதுச் சொல்லைக் கேட்கத்தானே பிள்ளை வந்திருக்கிறது.

கதை முடிந்ததும் ‘இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?’ என்று கேட்காதீர்கள். அது தேர்வுத்தாள் கேள்வி, பிள்ளை உடனே வாயை மூடிக்கொள்ளும். ‘நீயா இருந்தா அந்தக் கதவைத் திறந்திருப்பியா?’ என்று கேளுங்கள்.

நூல் சிறியதாக இருந்தால் முழுவதையும் நகலெடுத்து விநியோகிக்கும் ஆசை வரும். 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இங்கே நடைமுறையில் இருக்கிறது. எழுதியவரும் வரைந்தவரும் அந்த நூல் விற்பனையை நம்பித்தான் இருக்கிறார்கள். பிள்ளைகளை அரைவட்டமாக நெருக்கி உட்காரவைத்தால் சிக்கல் தீர்ந்துவிடும்.

படி 7: இரவல்

ஆறு அமர்வில் உங்கள் முழுக் கவனமும் தேவைப்படும் இருபது நிமிடம் இதுதான்.

உறுப்பினர் படிவங்களை முன்கூட்டியே வாங்கி, பெற்றோர் காத்திருக்கும் நேரத்தில் நிரப்ப உதவுங்கள். கையொப்பம் பெற்றோருடையது அல்லது காப்பாளருடையது. ஆகவே பிள்ளையை இறக்கிவிட்டுப் போகும் அப்பாவை வாசலிலேயே பிடித்துவிட வேண்டும். பிறப்புப் பத்திரமோ மைகிட்டோ இல்லாத பிள்ளைகள் நம் தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். எல்லார் முன்னிலையிலும் ‘கார்டு எங்கே?’ என்று கேட்டு அந்தப் பிள்ளையைக் கூனிக்குறுக வைத்துவிடாதீர்கள். உறவினர் ஒருவரின் அட்டையில் இரவல் தர இடமுண்டா என்பதை நூலகரிடம் முன்பே பேசி வைத்திருங்கள்.

நூல் தொலைந்தால் பணம் கட்ட வேண்டுமே என்ற பயம் பல தாய்மாரைத் தடுக்கிறது. எத்தனை நாள் இரவல், தாமதமானால் என்ன, தொலைந்தால் என்ன என்ற மூன்றையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். நூலை வைக்க ஒரு துணிப்பை கொடுத்தால் வீட்டில் எங்கே இருக்கிறது என்ற தேடல் குறையும். திருப்பித் தரும் தேதி அடுத்த கதை நேரத்தன்றே விழும்படி பார்த்துக்கொண்டால் இரண்டு பயணம் ஒன்றாகிவிடும்.

மூன்றாம் மாதம்: பெரியவர்களுக்கு ஒரு மாலை

ஆறு அமர்வோடு சேர்த்து, தோட்டத்தில் வாழ்ந்த தாத்தா பாட்டிகளை அழைத்து ஒரு நினைவுப் பகிர்வு வையுங்கள். எழுதப்படாத வரலாறு அவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது. 1942, 43 ஆண்டுகளில் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் சயாம் மரண ரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பாதவர்களின் பிள்ளைகள் இன்று எண்பதைத் தாண்டியவர்கள்.

‘உங்கள் தோட்ட வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றால் ‘கஷ்டம்தான் தம்பி’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு) எத்தனை மணிக்கு, ஆயாக்கொட்டகையில் (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) என்ன சாப்பாடு, ஒட்டுப்பாலை (மரத்திலும் கோப்பையிலும் உறைந்த ரப்பர் பால்) யார் பொறுக்கினார்கள், லயத்துக்குத் (தொழிலாளர் வரிசை வீடுகள்) தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பொருளைப் பிடித்துக் கேளுங்கள். பதிவு செய்ய அனுமதி கேட்டபின், கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட்டு, ஒரு கை தூரத்தில் வைத்து, மேலே சுற்றும் விசிறியை நிறுத்திவிடுங்கள். கோப்புக்குத் தேதி, பெயர், தோட்டம் என்று பெயரிட்டு இரண்டு இடத்தில் சேமியுங்கள். அழுகை வந்தால் அடுத்த கேள்விக்குத் தாவாமல் தண்ணீர் கொடுத்துக் காத்திருங்கள். தொடர்வதா வேண்டாமா என்பது அவர் முடிவு.

எழுதி வைக்க வேண்டியவை

ஒவ்வொரு அமர்வுக்கும் நான்கு எண்கள்: வந்த பிள்ளைகள், புதிய உறுப்பினர்கள், இரவல் போன நூல்கள், திரும்பி வந்த நூல்கள். பிள்ளைகளின் படத்தைப் பெற்றோர் சம்மதமின்றி முகநூலில் போடாதீர்கள். எண்களைத் தாராளமாகப் போடலாம்.

ஆறாவது அமர்வு முடிந்த வாரம் அந்த எண்களை ஒரு பக்கக் கடிதமாக்கி நூலகரிடம் கொடுங்கள். கூடவே வாங்க வேண்டிய பத்துத் தமிழ்ச் சிறுவர் நூல்களின் பட்டியல்: தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், சர்வதேசத் தர நூல் எண், விலை, மலேசியாவில் விற்கும் கடை. ‘தமிழ் நூல்கள் வாங்குங்கள்’ என்ற பொதுவான வேண்டுகோளை வைத்து அவரால் கொள்முதல் படிவத்தை நிரப்ப முடியாது. இந்த ஆறு விவரமும் கையில் இருந்தால் முடியும். அதே கடிதத்தின் கடைசிப் பத்தியில் அடுத்த மூன்று மாதத்துக்கான ஆறு தேதிகளையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.