முன் பிரேக் பேடு மாற்றுவது எப்படி? உப்புக்காற்று ஊர்க்காரர்களுக்கான செய்முறை

சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்க்கை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்து வண்டியை நிறுத்துவதுதான் பிரேக் பேடு. அதை எப்போது மாற்ற வேண்டும் என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு கிலோமீட்டர் கணக்கு சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். புதுச்சேரி அரியாங்குப்பம் நெரிசலில் தினமும் ஊர்ந்து போகிற காரும், காலாப்பட்டுப் பக்கம் ஈசிஆரில் பிரேக்கையே தொடாமல் ஓடுகிற காரும் ஒரே மாதிரி தேயாது. சக்கரத்தைக் கழற்றி அளந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நம் பக்கத்தில், குறிப்பாகக் கடலூர் ஓ.டி. (முதுநகர்), தேவனாம்பட்டினம் மாதிரி கடலை ஒட்டி வண்டி நிறுத்துகிறவர்களுக்கு, பேடு தேய்வதைவிட காலிப்பர் பின் (பேடை அழுத்துகிற இரும்புக் கவ்வியான காலிப்பர் வழுக்கி நகர்வதற்கான கம்பி) துருப்பிடித்து இறுகுவதுதான் பெரிய தொல்லை. என் பழைய வேகன் ஆரில் இடது முன்சக்கரம் மட்டும் கொதித்து, கருகின வாடை வந்தபோது, காட்டின இடத்தில் காலிப்பரையே புதிதாகப் போடச் சொன்னார்கள். பின்னைச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்ததோடு அது சரியாகிவிட்டது.

தேவையானவை: ரிங் ஸ்பானர் செட், ஜி கிளாம்ப், வயர் பிரஷ், பிரேக் கிளீனர், சிலிகான் பிரேக் கிரீஸ், கொஞ்சம் கட்டுக்கம்பி, வண்டியைத் தாங்க ஜாக் ஸ்டாண்டு. ஸ்பானரில் நான் டபாரியாதான் வாங்குவேன், மலிவு செட் போல்ட் தலையை மழுங்கடித்துவிடும். பேடு கம்பெனி ஒரிஜினல் அல்லது டிவிஎஸ் கிர்லிங் மாதிரி தெரிந்த பெயராக இருக்கட்டும். பில் இல்லாமல் விற்கிற பேடு எவ்வளவு சல்லிசாக இருந்தாலும் வேண்டாம்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கல் வைத்து, நட்டைத் தளர்த்தி, ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைக் கழற்றுங்கள். ஸ்டெப்னி மாற்றத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடாதீர்கள், அவ்வளவுதான்.

இப்போது பேடைப் பாருங்கள். வெளிப்பக்கப் பேடு எளிதில் தெரியும், அதை மட்டும் பார்த்துவிட்டு நல்லாத்தான் இருக்கு என்று மூடிவிடக் கூடாது. டிஸ்க்குக்கு உட்பக்கம் இருக்கிற பேடையும் டார்ச் அடித்துப் பாருங்கள். புதுப் பேடின் லைனிங் (டிஸ்க்கில் உரசித் தேய்கிற பகுதி) சுமார் 10 மில்லிமீட்டர் இருக்கும். இரும்புத் தகட்டைச் சேர்க்காமல் லைனிங் மட்டும் 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். கீச்சென்று சத்தம் வரட்டும் என்று காத்திருப்பது வீண் வேலை. அந்தச் சத்தம் கொடுக்கிற தகடு எல்லாப் பேடிலும் இருப்பதில்லை. இரண்டு பேடும் ஏறக்குறைய ஒரே அளவில் தேய்ந்திருந்தால் நல்லது. ஒன்று பாதி, இன்னொன்று தகடு தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தால் பின் இறுகியிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள், அதைக் கவனிக்காமல் புதுப் பேடு போட்டால் அதுவும் அப்படியே தேயும்.

காலிப்பரின் பின்பக்கத்தில் இரண்டு போல்ட் இருக்கும், பெரும்பாலும் 12 அல்லது 14 சைஸ். கீழ்ப் போல்ட்டைக் கழற்றிக் காலிப்பரை மேலே தூக்கினால் பேடு கைக்கு வந்துவிடும். பின்னைப் பார்க்கப் போகிறோம் என்பதால் இரண்டையும் கழற்றிவிடுங்கள். காலிப்பரை பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கம்பியால் கட்டிவையுங்கள்.

இனிமேல்தான் முக்கியமான வேலை. பின்னை விரலால் உள்ளே வெளியே தள்ளிப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அசையவில்லை என்றால் இழுக்காதீர்கள், பின்னை மூடியிருக்கிற ரப்பர் பூட் கிழிந்துவிடும். முதலில் ஸ்பானரால் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். அசையாவிட்டால் டபிள்யூடி-40 (துருவை இளக்குகிற எண்ணெய் ஸ்பிரே) அடித்து, டீ குடித்துவிட்டு வந்து மறுபடி திருப்புங்கள், சுற்றிக்கொண்டே இழுத்தால் வந்துவிடும். டிஸ்க்கில் தெறிக்காமல் துணி போட்டு மூடிக்கொண்டு அடிக்க வேண்டும். வெளியே எடுத்ததும் எது மேல், எது கீழ் என்று குறித்துவையுங்கள், சில வண்டிகளில் ஒன்றின் நுனியில் ரப்பர் இருக்கும், மாற்றிப் போடக் கூடாது. பழைய கிரீஸையும் அடித்த எண்ணெயையும் பிரேக் கிளீனரால் சுத்தமாகத் துடையுங்கள், துளைக்குள்ளும் துணியைச் சுற்றி விட்டு எடுங்கள். பின்னில் குழி குழியாகத் துரு தின்றிருந்தால் தேய்த்துப் பயனில்லை, புது பின் செட் போடுங்கள், பெரிய செலவில்லை. சாதாரண கிரீஸ் பூசினால் ரப்பர் ஊதிக்கொண்டு பின் மறுபடி இறுகும், சிலிகான் கிரீஸ்தான் வேண்டும். அதையும் அப்பி வைக்காதீர்கள். துளைக்குள் காற்று அடைபட்டு, பின்னை அழுத்தினால் திரும்பத் துள்ளி வரும். மெல்லிய பூச்சு போதும். பூட்டின் விளிம்பு பள்ளத்தில் சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். அங்கே இடைவெளி இருந்தால் கடற்கரைக் காற்று அதற்குள்தான் போகும்.

டிஸ்க்கின் நடுப்பகுதியில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். வெர்னியரால் (தடிமன் அளக்கிற கருவி) அளந்து அதற்குக் கீழே இருந்தால் இரண்டு பக்க டிஸ்க்கையும் மாற்றுங்கள்.

புதுப் பேடு தடிமனாக இருப்பதால், காலிப்பருக்குள்ளிருந்து பேடைத் தள்ளுகிற பிஸ்டனை முதலில் உள்ளே தள்ள வேண்டும். அதற்கு முன் பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் தளர்த்துங்கள். பேடு தேய்ந்திருந்த சமயத்தில் யாராவது மேக்ஸ் கோடு வரை ஊற்றியிருந்தால் இப்போது பொங்கி வழியும், சிரிஞ்சால் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். பெயிண்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். பழைய பேடைப் பிஸ்டன் மேல் வைத்து ஜி கிளாம்பை மெதுவாகத் திருகினால் உள்ளே போய்விடும். அப்புறம் புதுப் பேடைப் போட்டு, போல்ட்டை முறுக்கி, சக்கரத்தை மாட்டி, மறுபக்கமும் இதே வேலை. ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது, பிரேக் பிடித்தால் வண்டி இழுக்கும்.

வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடலை மிதியுங்கள். முதல் மிதிக்குத் தரை வரை போய்விடும். கெட்டியாகும் வரை விட்டு விட்டு மிதித்து, பிரேக் ஆயில் அளவைப் பார்த்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். பிறகு காலியான ரோட்டில் 50 வேகத்திலிருந்து 15 வரை மிதமாகக் குறைத்து, கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிட்டு, மறுபடி குறைத்து, இப்படிப் பல தடவை செய்தால் பேடு டிஸ்க்கில் படிந்துவிடும்.

பின்சேர்க்கை 1: பெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது வெள்ளத்தில் நின்ற வண்டிக்கும் இதே போதுமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். போதாது. பின்சக்கர டிரம்மையும் கழற்றிச் சேற்றை எடுக்க வேண்டும், பிரேக் ஆயிலையும் முழுதாக மாற்றிவிடுங்கள். அது ஈரத்தை இழுக்கும், வெள்ளமே வராவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பொருள்தான்.

பின்சேர்க்கை 2: பின்பக்கமும் டிஸ்க் உள்ள காரில் ஜி கிளாம்ப் போட்டும் பிஸ்டன் அசையவே இல்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். நல்லவேளை, நிறுத்திவிட்டுக் கேட்டார். ஹேண்ட் பிரேக் சேர்ந்த காலிப்பர்களில் பலவற்றில் பிஸ்டனைத் திருகிக்கொண்டே உள்ளே அழுத்த வேண்டும், அதற்குத் தனி டூல் விற்கிறது. எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் என்றால் முதலில் சர்வீஸ் மோடில் போட வேண்டும், கார் மேனுவலில் வழி இருக்கும். இல்லை என்றால் அந்தப் பின்பக்கத்தை மட்டும் மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள்.