பீச் மரத்தின் நலத்தை இலையில் பார்ப்பது எப்படி?

ஐரோப்பிய பீச் (beech; பழம் தரும் peach அல்ல) காட்டில் மரத்துக்குச் சத்து போய்ச் சேருகிறதா என்று இலையைச் சோதித்தே தெரிந்துகொள்ளலாம். வேதியியல் வேலையை ஆய்வகம் பார்த்துக்கொள்ளும். கோளாறு வருவதெல்லாம் பெரும்பாலும் இலை பறிப்பதில்தான்.

படி 1: காலம்
இலை முழுதாக வளர்ந்தபின், பழுக்கத் தொடங்கும் முன் பறிக்க வேண்டும். ஆகஸ்ட் நல்ல மாதம். உதிரும் காலம் நெருங்கினால் மரம் தழைச்சத்தையும் (நைட்ரஜன்) மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) கிளைக்குத் திரும்ப இழுத்துக்கொள்ளும். கால்சியம் இலையிலேயே தங்கிவிடும். அப்போது பறித்துவிட்டு ‘மணிச்சத்து போதவில்லை’ என்று பதறுவது வீண்.

படி 2: இடம்
கைக்கெட்டும் கிளை வேண்டாம். அடியில் நிழலில் வளர்ந்த இலை அகலமாக, மெல்லியதாக இருக்கும். உச்சியில் வெயில் குடித்த இலை சிறியது, தடித்தது. விரலால் தொட்டாலே வித்தியாசம் தெரியும். ஒரே மரம்தான், ஆனால் இரண்டையும் கலந்தால் கணக்கு கெட்டது. மேல் மூன்றில் ஒரு பங்கில், வெயில் படும் கிளையாகப் பாருங்கள். நீளக் கழிக் கத்தரி எட்டாவிட்டால், மரமேறப் பயிற்சி பெற்றவரைக் கூப்பிடுங்கள். 1985 முதல் ஐரோப்பியக் காடுகளைக் கண்காணித்துவரும் ஐசிபி ஃபாரஸ்ட்ஸ் திட்டத்தில் ஓரிடத்துக்குக் குறைந்தது 5 மரங்கள்.

படி 3: உலர்த்தல்
காகிதப் பையில் போடுங்கள், பிளாஸ்டிக்கில் புழுங்கிவிடும். 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்காமல் உலர்த்தி, 100 இலைகளின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: எண்கள்
ஒரு கிராம் உலர்ந்த பீச் இலையில் தழைச்சத்து 18–25 மில்லிகிராம், மணிச்சத்து 1.0–1.7, சாம்பல்சத்து (பொட்டாசியம்) 5–10, கால்சியம் 4–8, மக்னீசியம் 1.0–1.5 இருந்தால் வழக்கமான அளவு.

சரி, தழைச்சத்து 24, மணிச்சத்து 1.0 என்று வருகிறது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே தேர்ச்சி. தழைச்சத்தை மணிச்சத்தால் வகுத்தால் 24! விகிதம் 20ஐத் தாண்டினாலே மணிச்சத்துத் தட்டுப்பாடு என்று சந்தேகிக்க வேண்டும். வாகனப் புகையிலிருந்தும் பண்ணைகளிலிருந்தும் காற்றில் கலக்கும் நைட்ரஜன் காட்டில் படிந்து தழைச்சத்தை ஏற்றிவிடுகிறது; மணிச்சத்துக்கு அப்படி வரவு இல்லை. நான் முதலில் பார்ப்பது இந்த விகிதத்தைத்தான்.

படி 5: அண்ணாந்து பாருங்கள்
உச்சியில் இலை இழப்பு 25 சதவீதத்தைத் தாண்டினால் பாதிக்கப்பட்ட மரம் என்று கணக்கு. ஆனால் காய் கொத்துக்கொத்தாகப் பிடித்த ஆண்டில் இலை சிறுத்து, உச்சி அடர்த்தி குறைந்து போவது பீச்சின் இயல்பு. 2018இல் மத்திய ஐரோப்பாவில் வந்ததுபோன்ற கடும் வறட்சியும் இலையை உதிர்க்கும். அதனால் காய்ப்பையும் மழையையும் அதே தாளில் எழுதிவைத்து, இரண்டு ஆண்டு கழித்து அதே மரங்களில், அதே மாதத்தில் மறுபடி பறியுங்கள்.