எலியை வெள்ளெலி ஆக்காதீர்கள்: காமெடி எபிசோடின் கதைச்சுருக்கத்தை மாற்றி எழுதும்போது நேரும் தவறுகள்

ஒரு காமெடித் தொடரின் எபிசோடுக்கு மூன்று வரிக் கதைச்சுருக்கம் வேண்டும். கையில் இருப்பது வேறொருவர் எழுதிய மூன்று வரி. அப்படியே போட முடியாது என்பதால் ஒவ்வொரு வார்த்தைக்கும் மாற்றுச்சொல் தேடி வைத்துவிடுகிறார்கள். பயணக் கட்டுரையில் இப்படிச் செய்தால் நடை மட்டும் கெடும். காமெடியில் கதையே வேறாகிவிடும். இங்கே பல நேரம் ஒரே ஒரு சொல்லின் மேல்தான் முழு எபிசோடும் நிற்கிறது.

பிபிசியின் ‘ஃபால்ட்டி டவர்ஸ்’ தொடர் இதற்கு நல்ல பாடம். 1975இல் ஆறு, 1979இல் ஆறு, மொத்தமே 12 எபிசோடு. டார்க்கி என்ற இங்கிலாந்துக் கடலோர ஊரில் ஒரு ஹோட்டல். நடத்துபவர் சிடுசிடு பேசில், அவரை ஆட்டிவைக்கும் மனைவி சிபில், பார்சிலோனாவிலிருந்து வந்து அரைகுறை இங்கிலீஷோடு மல்லுக்கட்டும் வெயிட்டர் மானுவெல்.

‘ஹோட்டல்’ என்ற சொல்லிலேயே முதல் வழுக்கல். நமக்கு ஹோட்டல் என்றால் முதலில் இட்லி, தோசை. அதனால் மாற்றுச்சொல் தேடுபவர் ‘உணவகம்’ என்று போடுவார். அறை எடுத்துத் தங்குபவர்கள் கதையிலிருந்து காணாமல் போவார்கள். ‘விடுதி’ என்றால் மாணவர் விடுதி நினைவுக்கு வரும். ‘லாட்ஜ்’ என்றால் ஊரே வேறு. முதல் தடவை ‘தங்கும் ஹோட்டல்’ என்று சொல்லிவிட்டு, பிறகு ‘ஹோட்டல்’ என்றே தொடர்வதுதான் சரி.

1975இல் வந்த ஒரு எபிசோடில், ஹோட்டல்களை ரகசியமாகச் சோதிப்பவர்கள் ஊருக்குள் வந்திருப்பதாக பேசிலுக்குத் தகவல் கிடைக்கிறது. ஹட்சின்சன் என்ற நச்சரிக்கும் விருந்தினரை அவர்களில் ஒருவர் என்று நினைத்துத் தாங்கு தாங்கென்று தாங்குகிறார். அவரோ ஸ்பூன் விற்பவர். இதை ‘இன்ஸ்பெக்டர்’ என்று எழுதினால் தமிழ் வாசகர் மனதில் காக்கிச் சட்டைதான் வரும். ‘ஆய்வாளர்’ என்று மாற்றினாலும் அதே கதி. செய்தித்தாள்களில் அது போலீஸ்காரருக்குப் போய் எத்தனையோ வருடம் ஆகிறது. ‘ஹோட்டல்களைச் சோதித்துத் தரம் சொல்பவர்’ என்று நீட்டித்தான் எழுத வேண்டும். நாலு சொல் கூடினால் பரவாயில்லை.

இதே எபிசோடில் இன்னொரு குழியும் உண்டு. ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரக்கூடாது என்று யாரோ பள்ளியில் சொன்னதை நம்பி, முதல் வரியில் ‘ஹட்சின்சன்’, அடுத்து ‘அந்த விருந்தினர்’, அடுத்து ‘விற்பனையாளர்’, பிறகு ‘அந்த மனிதர்’ என்று எழுதுவார்கள். ஆள்மாறாட்டக் கதையில் இது நாலு பேராகத் தெரியும். யார் யாரை யாரென்று நினைக்கிறார்கள் என்பதே கதையாக இருக்கும்போது, ஒரு ஆளுக்கு ஒரு பெயர்தான். அது நாலு முறை வந்தாலும் அலுக்காது.

தொடரின் கடைசி எபிசோடு இன்னும் கறாரானது. மானுவெல் ஒரு எலி வளர்க்கிறார். கடைக்காரர் பேச்சை நம்பி அதை வெள்ளெலி (ஹாம்ஸ்டர்) என்கிறார். அந்த நேரம் பார்த்துச் சுகாதார அதிகாரியின் சோதனை. ‘எலி’ இரண்டு முறை வந்துவிட்டதே என்று ஒன்றை ‘வெள்ளெலி’ ஆக்கினால், எபிசோடின் முக்கியமான சண்டையில் நீங்களே மானுவெல் பக்கம் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். ‘பெருச்சாளி’, ‘மூஞ்சூறு’ எல்லாம் வேறு பிராணிகள்.

சொல்லின் பொருளைப் பற்றியே பாத்திரங்கள் சண்டை போடும் இடத்தில் கை வைக்கவே கூடாது. ‘ஃபிரண்ட்ஸ்’ தொடரில், 1997 பிப்ரவரியில் வந்த எபிசோடில் ரேச்சல் தன் காதலர் ராஸிடம் ஒரு ‘பிரேக்’ வேண்டும் என்கிறார். அது சிறு விலகலா, முழு முறிவா என்ற வாதம் தொடர் முடியும் வரை ஓடுகிறது. சுருக்கத்தில் ‘இருவரும் பிரிந்துவிட்டார்கள்’ என்று எழுதினால், முறிவுதான் என்று சாதிக்கும் ராஸ் ஜெயித்துவிட்டார். ‘சின்ன மனஸ்தாபம்’ என்றால் ரேச்சல் ஜெயித்துவிட்டார். ‘பிரேக்’ என்றே விடுங்கள். நம் கல்லூரிப் பிள்ளைகளும் அப்படித்தானே சொல்கிறார்கள்.

இதன் மறுபக்கம், சொல்லாமல் விட்ட சொல். ‘சைன்ஃபெல்ட்’ தொடரில் 1992இல் வந்த ஒரு எபிசோடில் நால்வர் ஒரு பந்தயம் கட்டுகிறார்கள். எதை அடக்கிக்கொள்ளப் போகிறோம் என்ற அந்தச் சொல்லை ஒருவரும் கடைசிவரை உச்சரிப்பதில்லை. எழுதிய லாரி டேவிடுக்கு எம்மி விருது வாங்கித் தந்த எபிசோடு அது. தெளிவாகச் சொல்கிறேன் பேர்வழி என்று அகராதிச் சொல்லை எடுத்துப் போட்டால், அவர் பாடுபட்டுத் தவிர்த்ததை நாம் ஒரே வரியில் போட்டு உடைத்தாகிவிட்டது.

உறவுமுறை தமிழுக்கே உரிய கண்ணி. இங்கிலீஷில் ‘பிரதர்’ என்றால் வயது தெரியாது. தமிழில் அண்ணனா தம்பியா என்று சொல்லியாக வேண்டும். ‘எவ்ரிபடி லவ்ஸ் ரேமண்ட்’ தொடரில் ராபர்ட் மூத்தவர், ரேமண்ட் இளையவர். இளையவனுக்கே எல்லாச் செல்லமும் போகிறதே என்ற அவருடைய புகைச்சலில்தான் பாதிச் சிரிப்பு இருக்கிறது. அவரைத் ‘தம்பி’ ஆக்கினால் அந்தப் புகைச்சலுக்குக் காரணமே இல்லை. ‘சகோதரர்’ என்று மழுப்பினாலும் பயனில்லை. ரேமண்டின் மனைவி டெப்ராவுக்கு அவர் கொழுந்தனும் அல்ல, கணவனின் அண்ணன். தமிழ்த் தொடர்களிலும் இதே கதைதான்: ‘சகலை’யை ‘மைத்துனர்’ என்று மாற்றினால், அக்கா தங்கையைக் கட்டிய இருவர் போட்டி போடும் கதையில் மனைவியின் தம்பி வந்து உட்கார்ந்துகொள்வார்.

‘கோபப்படுகிறார்’, ‘திட்டுகிறார்’ இரண்டும் ஒன்றல்ல. முதலாவதை மனதுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். ‘மறைக்கிறார்’ என்பதை ‘ஏமாற்றுகிறார்’ என்று மாற்றினால் பயந்தாங்கொள்ளி மோசடிக்காரன் ஆகிவிடுவார். குதிரைப் பந்தயத்தில் ஜெயித்த பணத்தை சிபிலுக்குத் தெரியாமல் பேசில் வைத்திருக்கும் எபிசோடில் அவர் மறைக்கிறார், அவ்வளவுதான். ‘மண்டையைப் போட்டார்’ என்பதை ‘காலமானார்’ ஆக்கினால் சிரிப்புப் போய் இரங்கல் செய்தி வந்துவிடும்.

மாற்றுச்சொல் தரும் கருவியில் போட்டு மாற்றியதை இலக்கணமே காட்டிக்கொடுக்கும். ‘எலியைத் தேடுகிறார்கள்’ என்பதில் வினையை மட்டும் மாற்றினால் ‘எலியைத் அலசுகிறார்கள்’ என்று ஒற்று அநாதையாக நிற்கும். ‘சிபிலைக் கண்டு பயப்படுகிறார்’ சரி. ‘சிபிலைக் கண்டு’ என்பதை விட்டுவிட்டு ‘அஞ்சு’ போட்டால் ‘சிபிலுக்கு அஞ்சுகிறார்’ என்று வேற்றுமையும் மாற வேண்டும். ‘கூட்டம் வந்தது’, ஆனால் ‘மக்கள் வந்தார்கள்’.

இத்தனை பாடுபட்டாலும் வாக்கிய அமைப்பும் செய்தி வரிசையும் மூலத்தைப் போலவே இருந்தால் அது நகல்தான். விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்தால், மாற்றி எழுதிய பிறகும் மூலத்தைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். மாற்றுச்சொல் போட்டதால் அந்தக் கடமை நீங்குவதில்லை.

செய்ய வேண்டியது இது. எபிசோடைப் பாருங்கள். பழைய சுருக்கத்தை மூடிவையுங்கள். யாருக்கு என்ன வேண்டும், எது குறுக்கே நிற்கிறது, எதனால் நிலைமை மோசமாகிறது என்று மூன்று துண்டாகக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர், உறவு, சிரிப்பைத் தாங்கும் பொருள் இவற்றுக்கு அடிக்கோடு. அவற்றுக்கு மாற்றுச்சொல் கிடையாது. பிறகு குறிப்பிலிருந்து எழுதுங்கள், முடிவைச் சொல்லாமல்.

மூலம் இப்படி என்று வைத்துக்கொள்வோம்: ‘சுகாதார அதிகாரி சமையலறையைச் சோதிக்கும் வேளையில், மானுவெல் எலி வளர்ப்பது பேசிலுக்குத் தெரியவருகிறது.’ சொல் மாற்றியது: ‘ஆரோக்கிய அலுவலர் அடுக்களையைப் பரிசோதிக்கும் தருணத்தில், மானுவெல் வெள்ளெலி பராமரிப்பதை பேசில் கண்டறிகிறார்.’ குறிப்பிலிருந்து எழுதியது: ‘வெள்ளெலி என்று நம்பி மானுவெல் வளர்க்கும் எலி ஹோட்டலுக்குள் புகுந்துவிட்டது. சுகாதார அதிகாரி வாசலுக்கு வருவதற்குள் பேசில் அதைப் பிடித்தாக வேண்டும்.’