இணைய நண்பர்களோடு ஜூவில் ஒரு நாள்: சந்திப்பைத் திட்டமிடுவது எப்படி

மாதக்கணக்கில் விலங்குகளைப் பற்றியே அரட்டை அடித்தவர்கள் முதல்முறை நேரில் பார்த்துக்கொள்ள உயிரியல் பூங்கா வசதியான இடம். பேச்சு வற்றிப்போனாலும் எதிரே பார்க்க ஏதாவது இருக்கும். சிக்கல் என்னவென்றால், இருபது பேர் திருவிழாக் கூட்டம்போல ஒன்றாக நகர்ந்து எல்லாக் கூண்டையும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தால், மனிதர்களோடும் பழகியிருக்க மாட்டோம், விலங்குகளையும் பார்த்திருக்க மாட்டோம். ஆட்களைக் குறைத்து, கூண்டுகளைக் குறைத்து, நிற்கும் நேரத்தைக் கூட்டுங்கள். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழிதான்.

தேதி, ஆட்கள், டிக்கெட்

ஆறு வாரம் முன்பே மூன்று தேதிகளைக் கொடுத்து வாக்கெடுப்பு நடத்துங்கள். ஒரு வாரத்தில் முடித்துவிட்டு, அதிகம் பேருக்குத் தோதான தேதியை அறிவித்துவிடுங்கள். எல்லோருக்கும் ஒத்துவரும் நாளைத் தேடினால் அந்த நாள் வரவே வராது. வேலைநாள் கிடைத்தால் நல்லது. வார இறுதிதான் முடியும் என்றால், கதவு திறக்கும்போதே உள்ளே போய்விட வேண்டும்.

எட்டு முதல் பன்னிரண்டு பேர் சரியான அளவு. அதற்கு மேல் போனால் நான்கு நான்கு பேராகப் பிரித்துவிடுங்கள். குழு டிக்கெட் தள்ளுபடியை நம்பி ஒருவரே எல்லோருக்கும் பணம் கட்டுவது வம்பு. கடைசி நேரத்தில் இரண்டு பேர் வராமல் போனாலே குறைந்தபட்ச எண்ணிக்கை விழுந்துவிடும், நட்டம் கட்டியவர் தலையில். அவரவர் டிக்கெட்டை அவரவர் எடுக்கட்டும். நேரம் குறித்துத் தரும் டிக்கெட் என்றால் எல்லோரும் ஒரே நேரத்தை எடுத்தார்களா என்பதை மட்டும் சரிபாருங்கள்.

ஒரு வாரம் முன்பு பூங்காவுக்கு எழுதியோ பேசியோ ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: இப்போது எந்தெந்த விலங்குகள் பார்வைக்கு இல்லை? குட்டி போட்டிருந்தால் கூண்டை மறைத்திருப்பார்கள். கட்டட வேலை நடக்கலாம். பறவைக் காய்ச்சல் பரவும் காலத்தில் உள்ளே நடந்து பார்க்கும் பறவைக் கூடங்களைத்தான் முதலில் மூடுவார்கள். ஒரே ஒரு விலங்குக்காகத் தொலைதூரத்திலிருந்து வருபவர் இருந்தால் இந்த ஒரு கேள்வி அவருடைய நாளைக் காப்பாற்றும்.

யார் யார் வருகிறார்கள் என்ற பட்டியலில் ஒவ்வொருவருக்கும் எதிரே அவர் தவறவிடக் கூடாத இரண்டு விலங்குகளை எழுதி வாங்குங்கள். பாதை அதிலிருந்துதான் பிறக்கும். புதிதாக வருபவர்களுக்கு, ஒரு கூண்டில் இருப்பவற்றின் கணக்கைச் சொல்லும் 2.3.1 போன்ற குறிப்புகளை முன்கூட்டியே விளக்கிவிடுவதும் நல்லது: ஆண் இரண்டு, பெண் மூன்று, பால் தெரியாதது ஒன்று. பழகியவர்கள் இதை மளமளவென்று சொல்லிக்கொண்டே போக, புதியவர் பக்கத்தில் நின்று விழிப்பது பார்க்கச் சகிக்காது.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக: பதினெட்டு வயது நிரம்பாதவர் பெரியவர் ஒருவரோடுதான் வரவேண்டும். அவசரத் தொடர்பு எண் ஒருங்கிணைப்பாளரிடம் மட்டும் இருக்கட்டும். சட்டையில் குத்திக்கொள்ளும் அட்டையில் இணையப் பெயரைப் பெரிதாக எழுதுங்கள், இயற்பெயர் அவரவர் விருப்பம். படத்தில் முகம் வர வேண்டாம் என்பவர்கள் அட்டையின் மூலையில் சிவப்புப் புள்ளி வைத்துக்கொண்டால், நாள் முழுக்க ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

கூடுமிடம்

வாசலுக்கு வெளியே, கதவு திறப்பதற்குப் பதினைந்து நிமிடம் முன்பு. உள்ளே கூடலாம் என்று வைத்தால் தேடுவதிலேயே முதல் ஒரு மணி நேரம் போய்விடும். அந்த ஒரு மணி நேரம்தான் நாளிலேயே விலை உயர்ந்தது. தாமதமாக வருபவருக்குக் காத்திருக்கப் போவதில்லை என்பதை முன்பே சொல்லிவிட்டு, உள்ளே ஒரு இடத்தையும் நேரத்தையும் குறித்துக் கொடுங்கள்: மதியம் பன்னிரண்டரைக்கு யானைக் கூடத்தின் எதிர் பெஞ்சு என்பதுபோல. பெரிய பூங்காக்களில் மரமும் பாறையும் கான்கிரீட் கூடங்களும் சேர்ந்து செல்போன் சிக்னலை விழுங்கிவிடும். ஆகவே வரைபடத்தைத் தாளில் அச்சிட்டு ஆளுக்கொன்று கொடுங்கள்.

விலங்குகளின் கடிகாரம்

திறந்தவுடன் எல்லோரும் வாசலுக்கு அருகே இருக்கும் முதல் கூண்டில் தேங்கி நிற்பார்கள். நீங்கள் நிற்காதீர்கள். நேரே பூங்காவின் கடைக்கோடிக்குப் போய், அங்கிருந்து வாசலை நோக்கித் திரும்புங்கள். பெரும்பாலான இடங்களில் காலையில்தான் விலங்குகளை இரவு அறையிலிருந்து வெளியே விடுவார்கள். இரவோடு இரவாக மாறிப்போன வாசனைகளை முகர்ந்து, எல்லையில் சிறுநீர் தெளித்து, ஒளித்து வைத்த உணவைத் தேடிப் புலியும் சிறுத்தையும் நடமாடுவது அந்த முதல் ஒன்றரை மணி நேரத்தில்தான். சிங்கம் ஒரு நாளில் இருபது மணி நேரம்வரை உறங்கும், அதனால் மதியம் ஒரு மணிக்குப் போய் நின்றால் புல்லில் ஒரு காது மட்டும் தெரியும். சிவப்புப் பாண்டாவும் குளிர்ச்சியான பொழுதுக்காரன். வெயில் ஏறியதும் கிளையில் கால்களைத் தொங்கவிட்டுத் தூங்கிவிடும்.

ஊர்வன இதற்கு நேர்மாறு. உடல் சூடேறிய பிறகுதான் அசையும் என்பதால் முற்பகலின் கடைசிப் பகுதியை அவற்றுக்கு ஒதுக்குங்கள். நண்பகலில் மீன் காட்சியகம், இரவாடிக் கூடம் (இரவில் நடமாடும் விலங்குகளை வைத்திருக்கும் இருட்டறை) என்று கூரை உள்ள இடங்கள்.

இரவாடிக் கூடத்தில் பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. உள்ளே நுழைந்து, ஒன்றும் தெரியவில்லை என்று இரண்டு நிமிடத்தில் வெளியேறிவிடுவார்கள். அங்கே இரவையும் பகலையும் விளக்கால் மாற்றி வைத்திருப்பார்கள். நாம் பகல் என்று நினைக்கும் நேரம் உள்ளே இருப்பவற்றுக்கு இரவு. பத்து நிமிடம் சும்மா நின்றால் கண் ஓரளவு பழகும், முழுதாகப் பழக அரை மணி நேரம்வரை ஆகலாம். இடையில் யாராவது செல்போன் திரையைத் திறந்தால் எல்லோருக்கும் மறுபடி முதலிலிருந்து. நுழைவதற்கு முன்பே போனை அணைத்துப் பையில் போடச் சொல்லுங்கள். அப்புறம் பாருங்கள், வெறும் கிளை என்று நினைத்தது தேவாங்காக மாறி ஒரு கையை நீட்டும்.

ஒரு நாளில் எத்தனை கூண்டு? ஆறு மணி நேரம் என்றால் 360 நிமிடம். நடைக்கு 75, மதிய ஓய்வுக்கு 45 கழித்தால் மிச்சம் 240. ஒரு கூண்டுக்கு இருபது நிமிடம் என்று வைத்தால் பன்னிரண்டு. அவ்வளவுதான். ஐம்பது இனங்களைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை இருப்பவர்கள் தனியாக ஒரு நாள் வந்து ஓடிக்கொள்ளலாம்.

உணவு கொடுக்கும் நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அவற்றை வைத்து மட்டும் நாளைக் கட்டாதீர்கள். பதினைந்து நிமிடம் முன்பே போனால்தான் இடம் கிடைக்கும். உணவு முடிந்து கூட்டம் கலைந்த பிறகு இன்னும் இருபது நிமிடம் நில்லுங்கள். யார் யாருக்கு விட்டுக்கொடுக்கிறது, யார் மிச்சத்தைத் திருடுகிறது என்பதெல்லாம் அப்போதுதான் நடக்கும்.

மாலையில் கதவருகே ஒரு விலங்கு அங்குமிங்கும் நடப்பதைப் பார்த்து உடனே ‘மனநோய்’ என்று தீர்ப்பு எழுத வேண்டாம். இரவு அறையில் சாப்பாடு காத்திருப்பது அதற்குத் தெரியும், அந்தப் பரபரப்பாக இருக்கலாம். காலை, மதியம் என்று எந்நேரமும் ஒரே தடத்தில், ஒரே இடத்தில் தலையை ஒரே மாதிரி திருப்பி நடந்தால் அது வேறு, கவலைப்பட வேண்டியது. அதனால்தான் சந்தேகம் உள்ள கூண்டை ஒரே நாளில் இரண்டு வேளை பார்ப்பது நல்லது. இன்னொன்று: பல பூங்காக்களில் வாசல் மூடுவதற்கு வெகுநேரம் முன்பே உள்ளரங்கக் கூடங்களை மூடிவிடுவார்கள். கடைசிக்கு என்று ஒத்திவைத்த ஒகாபியை (ஒட்டகச்சிவிங்கியின் உறவுக்கார விலங்கு) காணாமல் திரும்புவது இப்படித்தான்.

கூண்டின் முன்னால்

நான்கு பேர் குழுவில் இருவர் முன்னே, இருவர் ஓரடி பின்னே. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ளுங்கள். குழந்தைகள் வந்தால் முன்வரிசையை விட்டுவிடுங்கள், அவர்கள் இரண்டு நிமிடத்தில் நகர்ந்துவிடுவார்கள். கண்ணாடியைத் தட்டுவது, விசிலடிப்பது, பெயர் சொல்லிக் கூப்பிடுவது மூன்றும் கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிடுவதில் என்ன தவறு என்று கேட்பார்கள். தன் பெயரைக் கேட்டால் பயிற்சிக்கோ உணவுக்கோ அழைப்பு என்று விலங்கு கற்றிருக்கும். நாம் கூப்பிட்டு ஒன்றும் தராமல் போனால் அழைப்பின் மதிப்பு தேய்கிறது.

கொரில்லாவுக்கு முன் தனி ஒழுக்கம். பக்கவாட்டில் திரும்பி, பார்வையைத் தாழ்த்தி, அவ்வப்போது மட்டும் நிமிர்ந்து பாருங்கள். கண்ணோடு கண் முறைப்பதும், பல் தெரியச் சிரிப்பதும், மார்பில் தட்டிக் காட்டுவதும் அதனிடம் சண்டைக்கு அழைப்பதுபோல. 2007 மே மாதம் ராட்டர்டாம் உயிரியல் பூங்காவில் பொகிட்டோ என்ற ஆண் கொரில்லா அகழியைத் தாண்டி வந்து ஒரு பெண்ணைக் கடுமையாகத் தாக்கியது. அவர் அடிக்கடி வந்து அதன் கண்ணைப் பார்த்துச் சிரித்துப் பழகியவர், தங்களுக்குள் ஒரு பிணைப்பு இருப்பதாக நம்பியவர். விலங்குப் பிரியர்களுக்கே வாய்க்கும் பிழை இது.

சளி, இருமல் உள்ளவர்கள் வாலில்லாக் குரங்குகள் பக்கம் போகவே வேண்டாம். நம் மூச்சுக்குழாய் நோய்கள் அவற்றுக்கும் தொற்றும். 2021 ஜனவரியில் சான் டியேகோ சஃபாரி பூங்காவின் கொரில்லாக்களுக்கு கோவிட் தொற்று உறுதியானது நினைவிருக்கலாம்.

கேமரா

கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் விலங்கைப் படமெடுக்க, லென்ஸின் ரப்பர் விளிம்பைக் கண்ணாடியில் ஒட்டி வையுங்கள். ரப்பர் இல்லையென்றால் கறுப்புத் துணியால் சுற்றி இடைவெளியை மூடுங்கள். பளிச்சென்ற சட்டைதான் பிரதிபலிப்புக்குக் காரணம், எனவே அன்றைக்குக் கறுப்பு, அடர்நீலம் உடுத்தி வருவது புத்திசாலித்தனம். கம்பிவலை என்றால் லென்ஸை வலைக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கி, அப்பெர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையை, முழுக்கத் திறந்து (எஃப் 2.8, எஃப் 4), விலங்கு வலையிலிருந்து தள்ளிப் போகும்வரை காத்திருங்கள். வலையில் வெயில் படும் இடத்தைத் தவிர்த்து நிழல் விழுந்த இடத்தைத் தேர்ந்தெடுங்கள், ஒளிரும் கம்பி படத்தில் பனிமூட்டமாக விழும். தானியங்கி ஃபோகஸ் வலையையே பிடித்துக்கொண்டு அடம்பிடிக்கும். ஒற்றைப் புள்ளிக்கு மாற்றுங்கள், அதுவும் கேட்காவிட்டால் கையால் திருப்புங்கள். ஓடும் விலங்குக்கு 1/500 வினாடியாவது வேண்டும், பறக்கும் பறவைக்கு 1/2000.

குளிரிலிருந்து வெப்பமண்டலக் கூடத்துக்குள் நுழைந்தால் லென்ஸ் முழுக்க நீர் படியும். துடைத்தால் மறுபடி படியும். கேமராவைப் பையிலேயே மூடி வைத்துப் பதினைந்து நிமிடம் சூடேற விடுங்கள், அதுவரை கண்ணால் பாருங்கள். ஃபிளாஷ் எங்கேயும் வேண்டாம். போனில் அது தானாக எரியாதபடி காலையிலேயே அணைத்துவிடுங்கள்.

பராமரிப்பாளரிடம் பேசுவது

கையில் சாவியும் முன்னால் கதவும் இருக்கும்போது அவரைக் கூப்பிடாதீர்கள். எத்தனை பூட்டு போட்டோம் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டிருப்பார். அந்த எண்ணிக்கை குழம்பினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பூட்டி, இழுத்துப் பார்த்து, திரும்பிய பிறகு ஒரே ஒரு கேள்வி, அந்தக் குறிப்பிட்ட விலங்கைப் பற்றி: “இரண்டு பெண்களும் ஒரே அறையிலா தூங்குகின்றன?” என்பதுபோல. அப்படிக் கேட்டால் அவரே பத்து நிமிடம் பேசுவார். “எது உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்?” என்பது தினமும் கேட்டு அலுத்த கேள்வி. கருவுற்றிருக்கிறது, வேறு பூங்காவுக்குப் போகிறது போன்ற செய்திகளை வாய்தவறிச் சொன்னால், பூங்கா அறிவிக்கும்வரை அது உங்களோடே இருக்கட்டும். பரப்பினால் அவர் வேலைக்கு ஆபத்து, அடுத்த குழுவோடு அவர் பேசவும் மாட்டார்.

உள்பக்கச் சுற்றுலா வேண்டுமென்றால் ஆறு வாரம் முன்பே, எத்தனை பேர், எந்தக் கூடம், என்ன காரணம் என்று எழுதிக் கேளுங்கள். மூடிய காலணி கட்டாயம், கிருமிநாசினித் தொட்டியில் மிதித்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். பூட்டு, கதவு, கண்காணிப்புக் கேமரா இருக்கும் மூலை, இரவு அறை இவற்றின் படங்களை வெளியிடக் கூடாது. 2017 மார்ச்சில் பாரீஸுக்கு அருகே துவாரி பூங்காவில் இரவில் புகுந்தவர்கள் வின்ஸ் என்ற வெள்ளைக் காண்டாமிருகத்தைக் கொன்று கொம்பை அறுத்துப் போனார்கள். 2023 ஜனவரியில் டாலஸ் பூங்காவிலிருந்து எம்பரர் டாமரின் குரங்குகள் இரண்டைத் திருடினார்கள். உங்கள் படம் யார் கண்ணில் படும் என்பது உங்கள் கையில் இல்லை.

படங்களைச் சேர்ப்பது

காலையில் வாசலிலேயே எல்லோரும் கேமராக் கடிகாரத்தைப் போன் நேரத்தோடு ஒத்துவைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கூண்டிலும் விலங்கை எடுக்கும் முன் பெயர்ப்பலகையை ஒரு படம் எடுங்கள். வீடு போனபின் பன்னிரண்டு பேருடைய படங்களை நேரவாரியாக ஒரே கோப்புறையில் கொட்டினால், பலகைப் படம் வரும் இடமெல்லாம் புதிய கூண்டு தொடங்கும், எது எந்த இனம் என்ற சண்டை பாதியாகக் குறையும். மீதிப் பாதிக்குக் காரணம் பலகைகளே தவறாக இருப்பதுதான். விலங்கு இடம் மாறியிருக்கும், பலகை மாறியிருக்காது. அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் கூண்டின் பெயர், நேரம், படம் மூன்றையும் சேர்த்துப் பூங்காவுக்கே பணிவாக இரண்டு வரி எழுதிப் போடுங்கள்.