சிஎன்ஜி கார் வைத்திருக்கிறீர்களா? சிலிண்டர் தேதியைப் பாருங்கள்

டிக்கியில் இருக்கும் சிஎன்ஜி சிலிண்டர் 200 பார் அழுத்தத்தைத் தாங்கி நிற்கிறது. வீட்டு எல்பிஜி சிலிண்டரில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். அதனால்தான் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் கட்டாயம். உள்ளே தண்ணீர் நிரப்பி, வழக்கத்தைவிட அதிக அழுத்தம் கொடுத்து உலோகம் தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். கடைசியாகச் சோதித்த தேதியை, கேஸ் நிரப்பும் வால்வு அருகே உள்ள சின்னத் தகட்டில் பார்க்கலாம். பழைய கார் வாங்குபவர்கள் முதலில் அதைப் படியுங்கள்.

வெயிலில் நிரப்பினால் சிலிண்டருக்குள் வாயு சூடாகி, அழுத்தம் சீக்கிரமே 200 பாரைத் தொட்டுவிடும். கிலோ கணக்கில் குறைவாகத்தான் ஏறும். காசும் அதற்கேற்பத்தான் என்பதால் நஷ்டமில்லை, ஆனால் ஓடும் தூரம் குறையும். முடிந்தால் காலையிலேயே போடுங்கள். நிரப்பும்போது குழந்தைகள் உட்பட எல்லோரும் இறங்கிவிட வேண்டும்.

கேஸ் வாடை வந்தால் எஞ்சினை அணைத்து, கதவுகளைத் திறந்து, வெளியே வாருங்கள். லைட்டர், தீப்பெட்டி எதையும் பற்ற வைக்காதீர்கள். அப்புறம், சிலிண்டர் வால்வை மூடும் கைப்பிடி எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று மெக்கானிக்கிடம் இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.